ஒரு சாண் தூரம்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபைப் பாடம் நடத்தும்போது, மாத்திரை என்னும் இடம் வந்ததும் வகுப்பு சற்றே உயிர் பெறுவது வழக்கம். எழுத்தொலியின் கால அளவைச் சொல்ல வந்த தொல்காப்பியர், நாழிகை வட்டிலை நாடவில்லை; கண் இமைக்கும் பொழுதையும் கைவிரல் நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாணவர்கள் விரல்களை நொடிக்கத் தொடங்கிவிடுவார்கள். வகுப்பு அடங்கச் சிறிது நேரமாகும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வகுப்பில், கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். மேலூரை அடுத்த சிற்றூரிலிருந்து சைக்கிளில் வருபவன். அதிகம் பேசாதவன். "ஐயா, நொடிக்கிறது ஆளுக்கு ஆள் மாறாதா? அப்புறம் அது எப்படி அளவாகும்?" என்று கேட்டான்.

இயல்பாக இமைப்பதும் இயல்பாக நொடிப்பதுமே கணக்கு என்று உரையாசிரியர்கள் வழியில் விடை சொன்னேன். அவன் உட்கார்ந்துகொண்டான், ஆனால் முகத்தில் நிறைவு இல்லை. வகுப்பு முடிந்தபின் காரணம் தெரிந்தது. அவன் 200 மீட்டர் ஓட்டக்காரன். தேர்வுப் போட்டி ஒன்றில் ஸ்டாப் வாட்ச் பிடித்திருந்த இருவர் அவனுக்கு இரு வேறு நேரங்களைக் காட்டினார்களாம். நொடியில் பத்திலொரு பங்கு வேறுபாடு. அந்த வேறுபாட்டில் அவன் வாய்ப்பு போயிற்று. அவனுடைய கேள்வி இலக்கணக் கேள்வியே அன்று.

அப்போது அவனிடம் நான் சொன்னதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அவனுடைய கேள்விதான் என்னைத் தடகள வரலாற்றின் பக்கம் தள்ளியது. இலக்கியம் பேசும் இவ்விடத்தில் ஓட்டப்பந்தயத்திற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நொடி என்னும் சொல்லின் பொருளைத் தேடிப் போனவன் வந்து சேர்ந்த இடம் இது என்று கொள்ளுங்கள்.

முதலில் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவோம். ஆர்மின் ஹாரி என்னும் ஜெர்மானியர் 1937இல் சார்லாந்தில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த எல்லைப்புற நாடு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டு, 1952 ஒலிம்பிக்கில் தனிக் கொடியோடு அணிவகுத்து, 1957இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. ஹாரி 1958இல் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பிய வாகையர் ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரெடரிக்ஸ்ஹாஃபென் நகரில் 100 மீட்டரைச் சரியாக 10.0 நொடியில் ஓடினார். அதுவரை எவரும் எட்டாத எண். ஆனால் ஓடுபாதையைப் பின்னர் அளந்து பார்த்ததில், அனுமதிக்கப்பட்ட 10 சென்டிமீட்டர் சரிவைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவு கூடுதலாகச் சரிந்திருந்தது தெரியவந்தது. சாதனை ஏற்கப்படவில்லை.

1960 ஜூன் 21ஆம் நாள் சூரிச்சில் மீண்டும் 10.0 ஓடினார். அவர் முந்திப் புறப்பட்டுவிட்டார் என்று கூறி அந்த ஓட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். சிறிது நேர இடைவெளியில் மறு ஓட்டம் நடந்தது. அதிலும் கடிகாரங்கள் 10.0 என்றே காட்டின. இம்முறை ஏற்றுக்கொண்டார்கள். துப்பாக்கி ஒலிக்கும் ஹாரியின் கால் அசைவுக்கும் இடையிலான பொழுதை அளக்கும் கருவி அன்று வழக்கத்தில் இல்லை. அவர் ஒலியைக் கேட்டுப் புறப்படுகிறாரா, ஒலிக்கும் கணத்தை ஊகித்துப் புறப்படுகிறாரா என்று உலகமே வாதிட்டது. இன்று பாதத்தின் கீழுள்ள மின்கருவி அதைத் தீர்த்துவிடுகிறது. துப்பாக்கி வெடித்து நொடியில் பத்திலொரு பங்கு கழிவதற்குள் அசைந்தால் அது பிழைப் புறப்பாடு.

அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ரோம் ஒலிம்பிக்கில் ஹாரி தங்கம் வென்றார். அவருக்கும் அமெரிக்கர் டேவ் சைமுக்கும் கைக்கடிகாரக் கணக்கு ஒன்றே: 10.2. மின்கருவி மட்டும் 10.32 என்றும் 10.35 என்றும் இருவரையும் பிரித்துக் காட்டியது. இங்கே சற்று நில்லுங்கள். கை 10.2 என்கிறது, கருவி 10.32 என்கிறது. கையில் கடிகாரம் பிடித்தவர் துப்பாக்கியின் புகையைக் கண்ட பிறகே விரலை அழுத்துகிறார். அதில் ஒரு தாமதம் உண்டு. முடிவுக்கோட்டிலோ ஓடுபவர் வருவது முன்னரே தெரிவதால் விரல் தாமதிப்பதில்லை. எனவே கைக்கணக்கு எப்போதும் ஓடியவருக்குச் சற்றுச் சலுகை காட்டும். குறுந்தூர ஓட்டங்களில் இச்சலுகை ஏறத்தாழ 0.24 நொடி என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு மின்கருவிக் கணக்கு மட்டுமே செல்லும் என்று விதி வந்தது. நொடிப்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று எங்கள் ஊர் மாணவன் சொன்னதை உலகத் தடகளச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஆண்டு அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஹாரியின் ஓட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. கார் விபத்தில் முழங்கால் காயம், செலவுக் கணக்குத் தொடர்பாகத் தடகள அமைப்போடு பூசல், தடை. 1961இல், 24ஆம் வயதில் விலகிவிட்டார்.

இனி அதே ரோம் நகரில் அதே நாட்களில் நடந்த, நம்மவர் அதிகம் அறியாத ஒன்றுக்கு வருவோம். 400 மீட்டர் ஓட்டத்தில் இந்தியாவின் மில்கா சிங் நான்காவதாக வந்து பதக்கத்தை நழுவவிட்ட கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அதே 400 மீட்டர்ப் பட்டியலில் மலாயா என்னும் நாட்டின் பெயரால் பதினாறு வயதுத் தமிழ்ச் சிறுவர் ஒருவரும் ஓடினார். பதக்க வரிசைக்கு அவர் வெகுதொலைவில் நின்றதால் எவரும் கவனித்திருக்க வேண்டிய தேவையில்லை. அவர் பெயர் மாணிக்கவாசகம் ஜெகதீசன். உலகம் பின்னாளில் மணி ஜெகதீசன் என்று சுருக்கிக்கொண்டது.

பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் எங்கள் மேலூருக்கு அருகில் இருக்கிறது. என் மாணவர்களில் சிலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனவர் கோயில் கட்டிய கதையும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்த கதையும் இப்பகுதியில் பாட்டிமார் சொல்லும் கதைகள். விரைந்தோடும் பரிகளின் கதையோடு பிணைந்த அப்பெயர் கடல் கடந்து போய், ஆசியாவிலேயே விரைந்தோடிய மனிதரின் பெயரில் சேர்ந்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் இத்தகைய தற்செயல்கள் இல்லாவிட்டால் நம்மைப் போன்றோர் வரலாற்றுக்குள் நுழைவதே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாகப்பட்டினத்துக் கப்பல்கள் தமிழரைப் பினாங்குக்குக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகப் பால்மரத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். ரயில்பாதை போடச் சென்றவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் போனவர்கள் வேறு. ஜெகதீசன் 1943 நவம்பர் 2ஆம் நாள், மலாயா ஜப்பானியர் கையில் இருந்த காலத்தில் பிறந்தார். அவருக்கு ஓராண்டு முன்பு, 1942 அக்டோபரில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்னும் ஊரில் இன்னொரு தமிழ்க் குழந்தை பிறந்தது: கனகசபை குணாளன். இருவரும் பின்னர் ஆசியாவின் இரு பெரும் ஓட்டக்காரர்கள் ஆனார்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர் ஆசிரியர். ஒரே கொடியின் கீழ்ச் சேர்ந்து நின்று, பின் இரு கொடிகளின் கீழ்ப் பிரிந்து ஓடியவர்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

சுங்கை சிப்புட் தமிழருக்குப் பழக்கமான பெயர். மலேசிய இந்தியர் காங்கிரசை நெடுங்காலம் நடத்திய வீ. தி. சம்பந்தன் அவ்வூர்க்காரர். 1948 ஜூன் 16ஆம் நாள் அங்குத் தோட்ட மேலாளர்களான மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட அந்த அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது. ரோம் ஒலிம்பிக் தொடங்கியது ஆகஸ்ட் 25ஆம் நாள். அதாவது, ஜெகதீசன் ரோம் நகர ஓடுபாதையில் கால் வைத்தபோது அவருடைய நாடு அச்சத்திலிருந்து வெளியேறி ஒரு மாதமே ஆகியிருந்தது. அது விடுதலை பெற்றே மூன்றாண்டுகள்தாம்.

ஆசிய விளையாட்டில் 200 மீட்டருக்கு ஒரு பரம்பரை உண்டு. 1951இல் தில்லியில் பம்பாயின் லேவி பின்டோ வென்றார். 100 மீட்டரும் அவருக்கே. 1954இல் மணிலாவில் பாகிஸ்தானியர் ஷரீப் பட். 1958இல் டோக்கியோவில் மில்கா சிங். இதே டோக்கியோவில்தான் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைத் தந்தார். நான்காவதாக 1962இல் ஜகார்த்தா. அங்கே 200 மீட்டரை வென்றவர் பதினெட்டு வயது ஜெகதீசன். மூன்று முறை இந்தியத் துணைக்கண்டத்தில் தங்கிய பட்டம் முதன்முறையாக வேறோரிடம் சென்றது. அதைக் கொண்டு சென்றவரோ தமிழர்.

இதன் பிறகு அவர் செய்ததுதான் நம் ஊர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டியது. ஓட்டத்தை விடாமலே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். மருத்துவப் படிப்பு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உடற்கூறும் உடலியங்கியலும் நோய்க்குறியியலும் ஆண்டுக்கு ஆண்டு மாணவரை அரைத்தெடுக்கும். குறுந்தூர ஓட்டப் பயிற்சியோ நாளைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினால் போதும் என்னும் வகையினது அன்று. புறப்பாடு, வளைவு, முடிவு என்று ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து தசைக்குப் பழக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே உடம்பு தாங்கிற்று. 'பறக்கும் மருத்துவர்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டியது காரணத்தோடுதான்.

குணாளனின் வழி வேறு. அவர் கால்பந்தாட்டக்காரர். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சி பெறும் காலத்தில் டான் எங் யூன் என்னும் பயிற்றுநர் அவருடைய கால்களைக் கண்டுகொண்டார். இருபது வயதைத் தாண்டிய பிறகே முறையாகக் குறுந்தூர ஓட்டம் பழகினார். இன்றைய கணக்கில் இது மிகவும் தாமதம்.

1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை சேர்ந்து மலேசியா ஆயிற்று. அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெகதீசனும் குணாளனும் ஒரே மலேசிய அணியில் இருந்தார்கள். அங்கு 200 மீட்டரில் ஜெகதீசன் அரையிறுதி வரை சென்றார். ஒலிம்பிக் தடகளத்தில் ஒரு மலேசியர் அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தது. மலேசியாவுக்கு ஓடிய ஜெகதீசன் படித்தது சிங்கப்பூரில்; சிங்கப்பூருக்கு ஓடப்போகும் குணாளன் பிறந்தது மலேசிய மண்ணில். நேற்றுவரை ஓர் அணியாக இருந்தவர்கள் இன்று எதிரெதிர்த் தடங்களில் நிற்கும்படி ஆயிற்று. சார்லாந்தில் பிறந்த ஹாரிக்கும் இது புரிந்திருக்கும். கொடிகள் மாறுவதை ஓடுபவர்கள் தீர்மானிப்பதில்லை.

1966 டிசம்பர், பாங்காக், ஐந்தாவது ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் ஜெகதீசனும் சிங்கப்பூரின் குணாளனும் ஏறத்தாழ ஒன்றாகவே கோட்டைக் கடந்தார்கள். கண் தோற்றது, புகைப்படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி. ஆசியாவின் மிக விரைவான இருவரும் தமிழர். இருவரும் மலாயாவில் பிறந்தவர்கள். ஜெகதீசன் 200 மீட்டரையும் வென்றார். மலேசிய அணியோடு 4x100 மீட்டர் தொடரோட்டத்தையும் வென்றார். மூன்று தங்கங்கள். அதே பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் மலேசியாவின் ராஜாமணி. அவ்வாண்டு மலேசிய அரசு முதன்முதலாக வழங்கிய நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் ஜெகதீசனுக்கும் ராஜாமணிக்கும் கிடைத்தன.

அப்போது தமிழகத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1966 ஏப்ரலில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நம் பேராசிரியர்கள் அங்குச் சென்று சங்க இலக்கியம் பற்றிக் கட்டுரை படித்துத் திரும்பினார்கள். நம் துறைசார் வரலாறுகள் அம்மாநாட்டை நினைவில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டின் முடிவில் ஆசியாவையே வென்ற அந்நாட்டுத் தமிழர் ஒருவரையும் மற்றொருவரையும் நாம் எந்த ஏட்டிலும் குறித்துக்கொள்ளவில்லை. தமிழரின் பெருமை நம்மைப் பொறுத்தவரை ஓலையிலும் கல்லிலும் மட்டுமே இருந்தது; காலில் இருக்கலாம் என்று நாம் எண்ணவே இல்லை.

1968 அக்டோபர், மெக்சிகோ நகரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் நெடுந்தூரம் ஓடுவோர் மூச்சுக்குத் திண்டாடினார்கள். குறுந்தூரம் ஓடுவோருக்கோ அதே காற்று வழிவிட்டது. ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கை ஓடுபாதை விரிக்கப்பட்டிருந்தது. அதுவரை நிலக்கரிச் சாம்பலும் செங்கல் தூளும் கலந்த பாதைகள்தாம். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. இவற்றோடு மின்கருவி ஒவ்வோர் ஓட்டத்தையும் நொடியில் நூறிலொரு பங்குவரை அளந்து பதிந்தது.

அங்கே நடந்தவற்றை உலகம் அறியும். 200 மீட்டரில் டாமி ஸ்மித் 19.83 நொடியில் வென்று, பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார். அந்தப் படம் இருபதாம் நூற்றாண்டின் மறக்க முடியாத படங்களுள் ஒன்றாயிற்று. அதே 200 மீட்டரில், இரண்டாம் முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றார் ஜெகதீசன். அப்போட்டியில் அவர் ஓடிய ஓட்டம் ஒன்றைக் கருவி 20.92 என்று பதிந்தது. குணாளன் 100 மீட்டரில் 10.38 ஓடினார். இவை அவரவர் நாட்டுச் சாதனைகளாயின. கையில் கடிகாரம் பிடித்தவரின் விரலுக்கு இவ்வெண்களில் பங்கில்லை.

அந்த ஒலிம்பிக்கின்போது ஜெகதீசனுக்கு 24 வயது. ஹாரி ஓட்டத்தை விட்ட அதே வயது. அவரும் அதன் பிறகு ஓடுபாதையை விட்டு மருத்துவத்திற்குள் சென்றுவிட்டார். ஆனால் எண்கள் அங்கேயே நின்றன.

எவ்வளவு காலம் நின்றன என்பதுதான் என்னை உலுக்கியது. குணாளனின் 10.38 நின்றது 33 ஆண்டுகள். 2001இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் சிங்கப்பூரின் யு. கே. ஷ்யாம் 10.37 ஓடி அதை முறித்தார். ஜெகதீசனின் 20.92 நின்றது 49 ஆண்டுகள். 2017இல் கைருல் ஹபீஸ் ஜந்தான் என்னும் மலேசிய இளைஞர் 20.90 ஓடினார். இந்த வேறுபாடுகளைத் தூரமாக மாற்றிப் பார்த்தேன். 200 மீட்டரை 20.92 நொடியில் கடப்பவர் சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் செல்கிறார். எனவே நூறில் இரண்டு பங்கு நொடி என்பது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். நம் அளவில் ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. ஒரு நாடு ஒரு சாண் தூரத்தை முன்னேறிக் கடக்க 49 ஆண்டுகள் ஆயின. குணாளன் விட்டுச் சென்றதோ அதில் பாதி, பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு 33 ஆண்டுகள்.

இதை ஜெகதீசனின் பெருமையாகச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் முறியாத சாதனை என்பது ஓடியவரைப் பற்றி ஓரளவும், அவருக்குப் பின் வந்த சமூகத்தைப் பற்றிப் பேரளவும் பேசுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1968இன் மெல்லிய காற்றும் புதிய பாதையும் அவருக்குத் துணை நின்றது உண்மை. ஆனால் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் செயற்கைப் பாதைகள் எங்கும் வந்தன. காலணிகள் இலேசாயின. பயிற்சி முறைகள் அறிவியலாயின. இவ்வளவும் வந்த பிறகும் ஒரு மருத்துவ மாணவர் பாடப் புத்தகங்களுக்கிடையே பயின்று பெற்ற விரைவை அரை நூற்றாண்டு எவராலும் தாண்ட முடியவில்லை என்றால், நடுவில் எத்தனை கால்கள் பாதியில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்? முந்த வேண்டியவர்கள் பிறக்காமல் போயிருக்க மாட்டார்கள். பாதைக்கு வராமல் போயிருப்பார்கள்.

ஜெகதீசன் நுண்ணுயிரியல் ஆய்வாளரானார். மலேசியாவில் மனிதரைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமி வகைகள் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் துறையினர் அறிந்தவை. 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும், நாட்டின் சுகாதாரத் துறையில் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். ஊக்கமருந்தைக் கண்டறியும் பணி அதில் முதன்மையானது. 20.92 என்பதை உழைப்பால் மட்டுமே பெற்ற ஒருவர், பிறரும் அவ்வாறே பெறுகிறார்களா என்று சோதிக்கும் இடத்தில் அமர்ந்தது பொருத்தமே. குணாளன் ஆசிரியராகவே வாழ்ந்தார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் விரிவுரையாளராகத் தலைமுறைகளைப் பயிற்றுவித்தார். இருவருமே ஓட்டத்தால் படிப்பை இழக்கவில்லை; படிப்பால் ஓட்டத்தையும் இழக்கவில்லை.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்தது. நொடியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவனிடம், "தம்பி, ஓடினது போதும். வீட்டு நிலைமையைப் பாரு. டிகிரியை முடி" என்று சொன்னேன். அவன் தந்தையும் அதையே சொல்லியிருந்தார். கல்குவாரியில் வேலை செய்பவர். மகன் மைதானத்தில் செலவிடும் மாலைப் பொழுது அவருக்குக் கூலியாகத் தெரிந்தது. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் மாதச் சம்பளம் வாங்குபவன். இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படியொரு எடுத்துக்காட்டுத் தெரியாமல் இருந்தது. அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றாமல் இருந்தது. அவன் அந்தப் பருவத்தோடு ஓட்டத்தை நிறுத்தினான். பட்டம் பெற்றான்.

மதுரைக்கு அருகிலேயே இதற்கு நேர்மாறான ஒன்று நடந்ததைப் பிறகு அறிந்தேன். சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடிய அவரைக் கண்ட பயிற்றுநர் கண்ணன், பாட்டியிடம் பேசி இசைய வைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் ஓடவும் வழி செய்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் ரேவதி ஓடினார். அந்த நால்வரில் சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோரையும் சேர்த்து மூவர் தமிழ்நாட்டவர். அவர்கள் இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. 1960இல் ரோமில் ஜெகதீசனும் பதக்கத்திற்கு அருகில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டேன். ஒரு பயிற்றுநர் ஒரு பாட்டியிடம் பேசியதற்கும் நான் ஒரு மாணவனிடம் பேசியதற்கும் இடையிலுள்ள தூரம் ஒரு சாணுக்குக் குறைவுதான். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் மேலூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைச் சந்தித்தேன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதுகிறானாம். நலம் விசாரித்த பின், "ஐயா, அந்தக் கைந்நொடிக்கு விடை கெடச்சுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நினைவு வைத்திருந்தான்.

ஜெகதீசனையும் குணாளனையும் பற்றிச் சொன்னேன். மதுரைப் பேருந்து வந்து நின்றும் ஏறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். 20.92 என்றதும், "எலெக்ட்ரானிக்கா, கையா?" என்றான். எலெக்ட்ரானிக் என்றேன். "அப்பச் சரி" என்றான்.

அவன் பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அந்தச் சில அடிகளை அவன் ஓடிய விதத்தைப் பார்த்தவாறு நெடுநேரம் அங்கேயே நின்றேன்.